126 மீட்டருக்கு அங்கால நிக்கிற பறவை

போன எபிசோட்டில பறவையின்ர கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஒட்டோஃபோகஸ் பற்றிக் கதைச்சதுக்குப் பிறகு இன்பொக்ஸ் நிறைஞ்சு போச்சு. அதில கனபேர் கேட்டது ஒரே கேள்வி: "ஈஸ்டர்ன் கர்லூ எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?" மைக்குக்கு முன்னால ரெண்டு நிமிசத்தில சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதால இந்தக் கிழமை நியூஸ்லெட்டர் முழுக்க இந்த ஒரு பறவைதான். லென்ஸுக்காக வந்த ஆக்கள் கொஞ்சம் பொறுங்கோ, அதுவும் வரும்.

ஈஸ்டர்ன் கர்லூ உலகத்திலயே பெரிய கரையோரப் பறவை. உடம்பு 60 சென்டிமீட்டருக்கு மேல. செட்டையை விரிச்சால் ஒரு மீட்டரைத் தாண்டும். சொண்டு கீழ்ப்பக்கமா வளைஞ்சிருக்கும். பெட்டைக்கு அது 20 சென்டிமீட்டர் வரைக்கும் போகும். பள்ளிக்கூடத்தில பாவிச்ச அடிமட்டத்தை எடுத்துப் பாருங்கோ, அதில மூண்டில ரெண்டு பங்கு. சேத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற நண்டையும் யாபியையும் இழுத்தெடுக்கத்தான் அவ்வளவு நீளம்.

தமிழ்ப் பறவைப் புத்தகங்களில இந்தச் சாதிக்குக் கோட்டான் எண்டு பேர். "கோட்டான் மாதிரி முழிக்காத" எண்டு வீட்டில ஏச்சு வாங்கி வளர்ந்த ஆக்களுக்கு அது ஆந்தை. ரெண்டுக்கும் ஒரே பேர், என்ன செய்யிறது. மன்னார்ப் பக்கமும் கோடியக்கரையிலயும் மாரியில வந்து நிக்கிறது இதின்ர ஒண்டுவிட்ட சகோதரம், யூரேசியன் கர்லூ. அதுக்கு முதுகின்ர கீழ்ப்பக்கம் வெள்ளை, எங்கட பறவைக்கு முழுக்க மண்ணிறம். ஊருக்குப் போகேக்க பெரியப்பாவையோ மாமாவையோ கேட்டுப் பாருங்கோ, களப்புக் கரையில பார்த்திருப்பினம்.

உலகத்தில மொத்தமே சுமார் 35,000 ஈஸ்டர்ன் கர்லூதான் இருக்கெண்டு 2016 மதிப்பீடு சொல்லுது. எம்சிஜியில மூண்டில ஒரு பங்குக் கதிரைக்குத்தான் காணும். அதில கிட்டத்தட்ட முக்கால்வாசி வருசாவருசம் அவுஸ்திரேலியாவுக்கு வருது. முப்பது வருசத்தில எண்பது சதவீதம் அளவுக்குக் குறைஞ்சு போனதால 2015 மே மாசம் அவுஸ்திரேலிய அரசாங்கம் இதை மிக மோசமான அழிவு அபாயத்தில இருக்கிற இனம் எண்டு பட்டியல்ல போட்டுது.

இப்ப லென்ஸ்.

நான் ஆறு வருசமா வெஸ்டர்ன் போர்ட்டுக்குப் போய் வாறன். மெல்பேர்ணில இருந்து காரில ஒண்டரை மணித்தியாலம். அந்த விரிகுடா 680 சதுர கிலோமீட்டர், வத்து நேரம் அதில 270 சதுர கிலோமீட்டர் வெறும் சேறாகத் தெரியும். அந்தச் சேத்துக்கு நடுவில, மண்ணிற உடம்போட, உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கர்லூ நிக்கும். ஆளைக் கண்டால் எழும்பிப் போற பறவைகளுக்குள்ள இது முதலாம் பிள்ளை. விக்டோரியாவில கரையோரப் பறவைகளுக்குக் கிட்ட நடந்து போய், எத்தனை மீட்டரில பறக்குதெண்டு அளந்த ஆய்வு ஒண்டு 2011 இல வந்தது. அதில ஈஸ்டர்ன் கர்லூவுக்குச் சராசரி 126 மீட்டர். ஆய்வு செய்த இனங்களுக்குள்ள அதுதான் ஆகக் கூடின தூரம்.

இந்த 126 ஐ வச்சுக் கணக்குப் பார்ப்பம். ஃபுல் ஃப்ரேம் சென்சர் 36 மில்லிமீட்டர் அகலம். 600 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு 100 மீட்டரில பார்த்தால் ஃப்ரேமுக்குள்ள அகலவாக்கில ஆறு மீட்டர் விழும். பறவை 60 சென்டிமீட்டர், அப்ப படத்தில பத்தில ஒரு பங்கு. 45 மெகாபிக்சல் கமராவில அகலம் எட்டாயிரத்துச் சொச்சம் பிக்சல், எண்டால் பறவைக்குக் கிடைக்கிறது எண்ணூறு பிக்சல். 200 மீட்டர் எண்டால் நானூறு. இன்ஸ்டாவுக்கு நானூறு பிக்சல் காணும், போஸ்டருக்குக் காணாது. 1.4 எக்ஸ் கன்வேர்ட்டர் போட்டால் பறவை கொஞ்சம் பெருக்கும், ஒரு ஸ்டொப் வெளிச்சம் போகும்.

"அப்ப 800 வாங்கலாம்தானே" எண்டு நினைக்கிறவை டிசம்பர் மாசம் பத்து மணிக்குச் சேத்துக்கு முன்னால ஒருக்கா நிண்டு பார்க்க வேணும். வெயிலில சேறு சூடாகி, அதுக்கு மேல காத்து நெளியத் தொடங்கும். தார் ரோட்டில தூரத்தில தண்ணி மாதிரித் தெரியுமே, அதேதான். அந்த நெளிவுக்குள்ளால எடுத்த படம் எந்த லென்ஸிலயும் கூர்மையா வராது. இருபதாயிரம் டொலர் லென்ஸும் ரெண்டாயிரம் டொலர் லென்ஸும் அங்க ஒண்டுதான். நெளிவைக் குறைக்கிறதுக்கு ரெண்டே வழி: விடியப்புறம் போங்கோ, இல்லாட்டி தூரத்தைக் குறையுங்கோ. தூரத்தைக் குறைக்கப் பறவை விடாது.

ஆனால் தண்ணி விடும். இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லுறன். நடந்து கிட்டப் போகாதேங்கோ, பெருக்கை உங்களுக்கு வேலை செய்ய விடுங்கோ. உச்சப் பெருக்குக்கு ரெண்டு ரெண்டரை மணித்தியாலம் முந்தியே போய், மங்குரோவுக்குப் பின்னாலயோ மணல் திட்டுக்குப் பின்னாலயோ பதுங்கி இருக்க வேணும். தண்ணி ஏற ஏறச் சேறு சுருங்கும், பறவை தானாகவே கரைப்பக்கம் வரும். சில நாள் 80 மீட்டரில வந்து இறங்கும், சில நாள் மற்றக் கரைக்குப் போயிடும். வந்தால், திரும்பத் தண்ணி வத்திப் பறவை போகும் வரைக்கும் நீங்கள் எழும்பேலாது. நாலு மணித்தியாலம். கழிப்பறை பற்றி முதலே யோசிச்சு வையுங்கோ, பகிடிக்குச் சொல்லேல்லை.

ஒட்டோஃபோகஸ் பற்றிச் சொல்லாட்டி அடிக்க வருவியள். கனன் ஆர்5 2020 இல பறவைகளையும் அடையாளம் காணத் தொடங்கிச்சு, சோனி ஆல்ஃபா 1 2021 இல பறவைக் கண்ணைத் தேடிப் பிடிக்கத் தொடங்கிச்சு. தோட்டத்துப் பறவைக்கு அற்புதம். சேத்தில நிக்கிற கர்லூவுக்கு, கண் நாலைஞ்சு பிக்சல் ஆகேக்க அல்கோரிதத்துக்குப் பிடிக்க ஒண்டும் இல்லை. அது முன்னால நிக்கிற மங்குரோவ் முளையைக் கண் எண்டு நம்பிப் போய் ஒட்டிக்கொள்ளும். நான் ஒற்றைப் புள்ளியில வச்சுத்தான் எடுக்கிறன். சத்தமில்லாத எலக்ட்ரோனிக் ஷட்டரைப் போடுங்கோ, ஆனால் சென்சர் வாசிக்கிற வேகம் குறைஞ்ச கமரா எண்டால் பறக்கேக்க செட்டை ரப்பர் மாதிரி வளைஞ்சு விழும்.

சிட்னியில இருக்கிற ஆக்களுக்கு இது இன்னும் கிட்ட. பொட்டனி விரிகுடாவின்ர தெற்குப் பக்கம், டாரன் பொயின்ற், வூலூவேர் பே, டவ்ரா பொயின்ற். டவ்ரா 1984 இல இருந்து ராம்சார் ஈரநிலம். என்ர மச்சான் அந்தப் பக்கம்தான் இருக்கிறான். அவனோட போய் நிண்டால் ஒரு பக்கம் பிளேன் இறங்குது, மற்றப் பக்கம் துறைமுகக் கிரேன். 1994 இல திறந்த மூண்டாவது ரன்வே அந்த விரிகுடாவுக்குள்ளதான் நீட்டிக்கொண்டு கிடக்கு. அவன் கிரேன் வராமல் ஃப்ரேமை வெட்டி வெட்டி எடுப்பான். எனக்குக் கிரேன் வேணும். ஏன் எண்டு பிறகு சொல்லுறன்.

முதல்ல காலைப் பற்றிக் கதைக்க வேணும். கர்லூவின்ர காலில சிலவேளை சின்னப் பிளாஸ்டிக் கொடி ஒண்டு தெரியும். செம்மஞ்சள் எண்டால் விக்டோரியாவில மாட்டினது, பச்சை எண்டால் குயின்ஸ்லாந்து, மஞ்சள் எண்டால் வடமேற்கு அவுஸ்திரேலியா. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்திருந்தால் ஷங்காய்க்குப் பக்கத்தில சொங்மிங் தீவு. சிலதில எழுத்தும் இருக்கும். அந்த எழுத்தை வாசிச்சால் அந்த ஒரு தனிப் பறவையை எங்க, எப்ப பிடிச்சு மாட்டினவை எண்டு தெரியும். எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரம் எண்டு வையுங்கோ. மேல சொன்ன கணக்கின்படி 100 மீட்டரில அதுக்குப் பதின்மூண்டு பிக்சல், 200 மீட்டரில ஏழு பிக்சல்.

இங்கதான் எங்கட துறையின்ர பிரச்சினை வருது. ஏழு பிக்சல் எழுத்தை ஏஐ அப்ஸ்கேலரில போட்டால் என்ன நடக்கும்? வடிவான, கூர்மையான எழுத்து ஒண்டு வரும். அது உண்மையில அங்க இருந்த எழுத்தா எண்டு மென்பொருளுக்குத் தெரியாது. எழுத்து மாதிரி ஒண்டைக் கண்டது, எழுத்து எப்படி இருக்கும் எண்டு படிச்சிருக்குது, அதால ஒண்டைக் கீறி விடுது. 2023 மார்ச்சில சாம்சங் போன் நிலாப் படச் சண்டை ஞாபகம் இருக்கோ? மங்கலாக்கின நிலாப் படத்தை ஸ்கிரீனில காட்டி ஒருத்தர் படம் எடுக்க, போன் அங்க இல்லாத குழிகளைக் கொண்டு வந்து போட்டுது. நிலாவுக்கு அது பகிடி. கொடியில ஈ எண்டது எஃப் ஆனால் வேற பறவை ஒண்டு செத்த பிறகும் உயிரோட திரியிற மாதிரிப் பதிவு விழும். அந்தப் பதிவுகளில இருந்துதான் வருசத்துக்கு எத்தனை பறவை தப்புது எண்டு கணக்குப் போடுகினம். சிறகை வடிவாக்க அப்ஸ்கேல் பண்ணுங்கோ, நான் தடுக்கேல்லை. கொடிக்கு மட்டும் ஒரிஜினல் ரோ ஃபைலை அனுப்புங்கோ. வாசிக்கேலாட்டி வாசிக்கேலாது எண்டே எழுதுங்கோ.

இனி மற்றப் பக்கம்.

கர்லூ முட்டை போடுறது இங்க இல்லை. கிழக்கு சைபீரியா, கம்சாத்கா, அமூர் ஆத்துப் பக்கம், வடகிழக்குச் சீனா. பாசியும் கோரையும் மூடின ஈரநிலம். நிலத்தில சின்னக் குழி, காய்ஞ்ச புல்லுப் படுக்கை, அநேகமா நாலு முட்டை. இங்க ஊமை மாதிரி நிக்கிற பறவை அங்க வேற ஆள். ஆண் மேல எழும்பி, செட்டையை விரிச்சு மிதந்து, நீளமாக் கூப்பிட்டுக்கொண்டு வட்டமடிக்கும். சேத்து நிறம் எண்டு நாங்கள் நினைச்ச உடம்பு அங்க காய்ஞ்ச புல்லுக்குள்ள அப்படியே கரைஞ்சு போகும். அடைகாக்கிற பறவை உங்கட காலடியில இருந்தாலும் தெரியாது.

அங்க எடுத்த படங்கள் இருக்கு, ஆனால் எங்கட பக்கத்துப் படங்களோட பார்க்க மிச்சம் குறைவு. காரணம் விளங்கும். ரோட்டில்லாத இடம், நுளம்பு, பறவைகள் ஒண்டுக்கொண்டு தூரமா இருக்கும். கூடு கிடைச்சாலும் பிரச்சினை: தாயை எழுப்பினால் காகம் பார்த்துக்கொண்டிருக்கும், முட்டை போயிடும். கூட்டுப் படம் எடுக்கிறது எண்டால் தூரத்தில மறைப்பு, இல்லாட்டி ஆளில்லாமல் வச்சிட்டு வாற கமரா. நான் போனதில்லை. இப்ப போறது சுகமும் இல்லை. 2022 இல இருந்து ரஷ்யாவுக்குப் போகாதேங்கோ எண்டுதான் அவுஸ்திரேலிய அரசாங்கத்தின்ர பயண அறிவுறுத்தல்.

அந்த யுத்தம் சட்டலைட்டையும் விட்டு வைக்கேல்லை. மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின்ர இகாரஸ் எண்ட திட்டம், சின்ன விலங்குகளுக்குப் பொருத்தின கருவிகளைச் சர்வதேச விண்வெளி நிலையத்தில இருந்து கேட்கிறது. அன்டெனா நிலையத்தின்ர ரஷ்யப் பகுதியில இருந்தது. 2022 மார்ச்சோட தரவு நிண்டு போச்சு.

ஆனால் கர்லூவைத் தொடர்றது அதுக்கு எவ்வளவோ முந்தி தொடங்கினது. பீட்டர் ட்ரிஸ்கால், முட்சுயுகி உயெட்டா எண்ட ரெண்டு பேர் ஈஸ்டர்ன் கர்லூகளுக்குச் சட்டலைட் கருவி பொருத்தித் தொடர்ந்து, 2002 இல ஐபிஸ் எண்ட ஆய்விதழில முடிவை வெளியிட்டினம். பழைய ஆர்கோஸ் கருவி எண்டால் சட்டலைட்டின்ர வேகத்தால சிக்னல் மாறுறதை வச்சு இடத்தைக் கணிக்கும், சிலவேளை கிலோமீட்டர் கணக்கில பிழைக்கும். இப்ப வாறது சூரிய ஒளியில சார்ஜ் ஆகிற ஜிபிஎஸ் கருவி. சிலது மொபைல் வலையமைப்பில வேலை செய்யும்: பறவை ஆளில்லாத இடத்தில நிக்கும் வரைக்கும் எல்லாத்தையும் சேமிச்சு வச்சுக்கொள்ளும், மொபைல் டவர் உள்ள கரைக்கு வந்து இறங்கினதும் ஒரேயடியா அனுப்பும். ஊரில இறங்கின உடனே சிம் போட்டு வீட்டுக்கு மெசேஜ் அடிக்கிற மாதிரி.

இரண்டு பக்கத்தையும் தெரிஞ்சிருக்கிறது ஏன் இவ்வளவு முக்கியம் எண்டால், தெரியாமல் போன கதை ஒண்டு இருக்கு. கர்லூ சாதியில மொத்தம் எட்டு இனம். அதில ஒண்டு ஸ்லெண்டர்-பில்ட் கர்லூ. அது குளிர்காலத்தைக் கழிச்ச இடம் தெரியும், மத்தியதரைக் கடல் பக்கம். கடைசியா உறுதியாப் பார்த்தது மொரோக்கோவில, மேர்ஜா ஸேர்கா களப்பில, 1995 பெப்ரவரியில. வடிவான படங்கள் இருக்கு, தேடிப் பாருங்கோ. ஆனால் அது எங்க குஞ்சு பொரிச்சது? சைபீரியாவின்ர டாரா பக்கம் உஷாகோவ் எண்டவர் 1909 க்கும் 1925 க்கும் இடையில கண்ட கூடுகள் மட்டும்தான் உறுதியான பதிவு. பிறகு தேடிப் போனவைக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. 2018 இல ஒரு குழு நூதனசாலையில கிடந்த இளம் பறவைகளின்ர இறகை எடுத்து, அதுக்குள்ள இருக்கிற ஐசோடோப்பை அளந்தது. இறகு வளர்ந்த இடத்துத் தண்ணியின்ர அடையாளம் அதில இருக்கும். விடை கூடுதலா வடக்குக் கசகஸ்தான் புல்வெளிப் பக்கம் வந்தது. இவ்வளவு காலமும் தேடினது வேற இடத்தில. 2025 ஒக்டோபரில ஐயூசிஎன் அந்த இனம் அழிஞ்சு போச்செண்டு அறிவிச்சுது.

இன்னொண்டு எஸ்கிமோ கர்லூ. அதைக் கடைசியாப் படம் பிடிச்சது 1962 இல டெக்ஸாஸ் கல்வெஸ்டனில. அடுத்த வருசம் பார்பேடோஸில ஒண்டைச் சுட்டு விழுத்தினவை. அதுக்குப் பிறகு உறுதியான ஒரு பதிவும் இல்லை. எட்டில ரெண்டு. மிச்சம் இருக்கிற ஆறில ஒண்டுதான் வெஸ்டர்ன் போர்ட்டில எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்குது.

எங்கட பறவைக்கு ரெண்டு முனையும் தெரியும். அதுக்கு அடி விழுந்தது நடுவில. போகேக்கையும் வரேக்கையும் அது இறங்கித் தின்னிற இடம் மஞ்சள் கடல், சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவில. அங்க இருந்த சேத்து நிலத்தில 65 சதவீதம் வரைக்கும் ஐம்பது வருசத்தில காணாமல் போச்செண்டு 2014 இல வந்த ஆய்வு சட்டலைட் படங்களையும் பழைய வரைபடங்களையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிச்சது. தென்கொரியாவின்ர சேமாங்கும் அணை மட்டும் 33 கிலோமீட்டர், 2006 இல மூடினது. நல்ல செய்தியும் இருக்கு: வியாபாரத்துக்காகக் கடலை நிரப்புறதைச் சீனா 2018 இல நிப்பாட்டிச்சு, 2019 இல சீனக் கரையின்ர ஒரு பகுதியும் 2021 இல கொரியச் சேத்துநிலங்களும் யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிச்சு.

ஒரு சின்ன எரிச்சலையும் இங்க கொட்டி விடுறன். எல்லாப் புத்தகத்திலயும் எங்கட பக்கத்தைக் "குளிர்கால வாழிடம்" எண்டு எழுதுகினம். அது இங்க வந்து நிக்கிறது ஓகஸ்டில இருந்து மார்ச் மட்டும். டிசம்பர் ஜனவரியில, நாப்பது டிகிரி வெயிலில, என்ன குளிர்காலம்? வருசத்தில ஆறேழு மாசம் இங்க, ரெண்டு மூண்டு மாசம் அங்க, மிச்சம் வழியில. பெயர் வச்சவை வடக்கில இருந்தவை, அவ்வளவுதான். இன்னொரு விஷயம்: அங்க பொரிச்ச குஞ்சுகளுக்குத் தாய் தகப்பன் வழி காட்டிறேல்லை. பெரிசுகள் முந்திப் புறப்பட்டுடும், இளசுகள் பிறகு தாங்களாகவே வழி பிடிச்சு இங்க வந்து சேரும். வந்து, முதல் ரெண்டு மூண்டு வருசம் திரும்பிப் போகவே மாட்டுது. ஜூன் ஜூலையில மெல்பேர்ண் குளிருக்குள்ள சேத்தில நிக்கிற கர்லூ எல்லாம் அந்த இளசுகள்தான். "எப்ப ஊருக்குப் போறாய்?" எண்டு கேட்கிற பெரியம்மா அவைக்கு இல்லை.

இப்ப கிரேன் கதைக்கு வருவம்.

வெஸ்டர்ன் போர்ட்டில கிரிப் பொயின்ற் எண்ட இடத்தில எரிவாயு இறக்குமதி முனையம் கட்ட ஏஜிஎல் நிறுவனம் கேட்டது. ஈரநிலத்துக்கு வாற பாதிப்பு ஏற்கேலாது எண்டு 2021 மார்ச்சில விக்டோரிய அரசாங்கம் மறுத்திட்டுது. அது சுகமான முடிவு, எரிவாயுக்கு எதிராக் கதைக்கிறது எங்களுக்கும் சுகம். அடுத்தது கஷ்டமானது. கடலுக்குள்ள நடுற காற்றாலைகளைப் பொருத்தி அனுப்புறதுக்கு ஹேஸ்டிங்ஸ் துறைமுகத்தில முனையம் ஒண்டு கட்ட விக்டோரிய அரசாங்கமே திட்டம் போட்டது. அதே ராம்சார் ஈரநிலத்துக்கு ஏற்கேலாத பாதிப்பு எண்டு மத்திய சுற்றாடல் அமைச்சர் தான்யா ப்ளிபர்செக் நிராகரிச்ச செய்தி 2024 ஜனவரியில வெளிய வந்தது. இந்தப் பொட்காஸ்ட்டில காற்றாலைக்கு ஆதரவா நாங்கள் எத்தனை எபிசோட் செய்திருக்கிறம்! எனக்கு அந்த முடிவு சரியெண்டுதான் படுது, ஆனால் லேசாச் சொல்லேல்லை. காற்றாலையை வேற துறைமுகத்தில பொருத்தலாம். 270 சதுர கிலோமீட்டர் சேத்தை வேற எங்கயும் கொண்டுபோய் வைக்கேலாது. அதே வருசம் ஏப்ரலில குயின்ஸ்லாந்தின்ர டூன்டா துறைமுகத்தில 3,600 வீடு கட்டுற திட்டத்தையும் மறுக்கப் போறன் எண்டு அவ அறிவிக்க, வோக்கர் நிறுவனம் திட்டத்தை விலத்திக்கொண்டுது. அங்கயும் நடுவில நிண்டது இந்தப் பறவைதான்.

துறைமுகம் எண்டாலே எதிரி எண்டும் இல்லை. டார்வினில ஈஸ்ட் ஆர்ம் துறைமுகத்துக்காகக் கடலைத் தோண்டின சேத்தைக் கொட்டி வச்ச குளங்கள் இருக்கு. பெருக்கு நேரம் கர்லூகள் அங்க வந்து ஓய்வெடுக்கிறதை சார்ள்ஸ் டார்வின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்திருக்கினம். ஆர் நினைச்சது?

இந்த மாதிரி வழக்குகளில எடுபடுறது கர்லூவின்ர கண் பளபளக்கிற போர்ட்ரெய்ட் இல்லை. வெஸ்டர்ன் போர்ட்டில தன்னார்வலர்கள் 1973 இல இருந்து பறவைகளை எண்ணிக்கொண்டு வருகினம். எத்தனை, எங்க, எந்தத் தண்ணி மட்டத்தில எண்டு வரிசையா இருக்கிற அந்தத் தாள்கள்தான் பேசும். எங்கட படம் அதுக்குத் துணையா இருக்க வேணும் எண்டால் அதில இடம் தெரிய வேணும். அதுதான் எனக்குக் கிரேன் வேணும் எண்டு சொன்னது. பறவை, சேறு, பின்னால துறைமுகம். நேரமும் தேதியும் சரியாச் செட் பண்ணின கமரா. பறவையை மட்டும் வெட்டி எடுத்தால் அது எந்த ஊர்ச் சேறு எண்டும் தெரியாது. இப்ப நான் 600 ஐ விட 100-400 ஐத்தான் கூடப் பாவிக்கிறன். லென்ஸ் கேட்ட ஆக்களே, இதுதான் என்ர விடை: பழைய 100-400 ஒண்டு, நல்ல முக்காலி, தொலைநோக்கியோட பொருத்தக் கூடிய போன் பிடி. கொடியை வாசிக்கத் தொலைநோக்கியும் போனும் 600 ஐ விட நல்லா வேலை செய்யும், விலையும் பாதி வராது.

ஒரு எச்சரிக்கை. பறவை தங்கிற திட்டு சரியா எந்த இடம் எண்டு இன்ஸ்டாவில பின் போடாதேங்கோ, போன் படத்தின்ர ஜிபிஎஸ் தரவை எடுத்திட்டுப் போடுங்கோ. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரித் தளங்கள் அபாயத்தில இருக்கிற இனங்களின்ர இடத்தைத் தாங்களாகவே மங்கலாக்கிறது இதுக்குத்தான். ட்ரோனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒருக்கா எழும்பிப் பறந்தால் அது செலவழிக்கிறது சைபீரியாவுக்குச் சேர்த்து வச்ச கொழுப்பு.

அதிலயும் பெப்ரவரியில. அந்த மாசம் பறவை உருண்டு திரண்டு நிக்கும், சொண்டு சேத்துக்குள்ளயே கிடக்கும். கடைசிக் கிழமையில இருந்து பின்னேரங்களில கூட்டங் கூட்டமா எழும்பி, கூப்பிட்டுக்கொண்டு வடக்கப் பார்த்துப் போகும். வெளிச்சம் காணாது, ஐஎஸ்ஓ 12800 க்குப் போனாலும் வானத்தில கறுப்புக் கீறல்தான் விழும். நான் அப்ப கமராவை மடியில வச்சிட்டு எண்ணுறன். போன வருசம் எண்ணினது பதினேழு.

வாற பெப்ரவரிக் கடைசிச் சனிக்கிழமை ஃபிலிப் தீவில ரில் பக்கம் போறம். பெருக்கு எத்தனை மணிக்கு எண்டு கிட்ட வரேக்க சொல்லுறன். காரில ரெண்டு இடம் இருக்கு, வாறவை இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. மண்ணிறச் சட்டை, தொப்பி, நாலு மணித்தியாலத்துக்குக் காணக் கூடிய சாப்பாடு. சிப்ஸ் பைக்கற் கொண்டு வராதேங்கோ, திறக்கேக்க சத்தம் கேட்கும்.